மெட்ரோ லைன் பெயரைப் படிப்பது எப்படி: டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட்டும் எடுத்துத் தருவேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டவர்கள் படியிறங்கும் முன் திரும்பி, "எழும்பூர்ல இறங்கி மெட்ரோல எப்படித் தம்பி போறது?" என்பார்கள். டிக்கெட் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுப்பேன்.

முதலில் எழுதிய சீட்டுகள் பாதிக்குப் பாதி தப்பு. திருபுவனத்து அம்மா ஒருவர் வீட்டுக்காரரைச் சென்ட்ரல் எதிரில் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். 'எழும்பூரில் பச்சை மெட்ரோ, சென்ட்ரலில் இறங்கணும்' என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அவர்கள் போய் இறங்கியது பரங்கிமலையில், அந்த லைனின் மறுகோடியில். ஊர் திரும்பியதும் கடைக்கு வந்து நின்றார். "தம்பி, ரெண்டு பக்கமும் பச்சைதான் வந்துச்சு. நீ எந்தப் பச்சைன்னு எழுதலையே?"

அதற்குப் பிறகு சீட்டு எழுதும் வரிசையை மாற்றிவிட்டேன். கீழே இருப்பது அந்த வரிசை. சென்னைக்கு மட்டுமில்லை, டில்லி, பெங்களூர், சிங்கப்பூர், துபாய் எங்கே போனாலும் இதே வரிசைதான். வரிசையைக் குலைத்தால் குழப்பம் வரும். பெரும்பாலோர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். நிறம் நான்காவதாக வர வேண்டியது.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

போகிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயர். பேட்டையின் பெயர் போதாது. 'அண்ணா நகர்' என்று ஊரில் சொல்லி அனுப்புவார்கள். அங்கே அண்ணா நகர் கிழக்கு, அண்ணா நகர் கோபுரம் என்று இரண்டு ஸ்டேஷன். பக்கத்திலேயே ஷெனாய் நகரும் திருமங்கலமும் இருக்கின்றன. அங்கே இருப்பவரிடமே போன் போட்டுக் கேளுங்கள்.

புதிய வரைபடம். மெட்ரோ வரைபடம் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை நம்பாமல் அந்த மெட்ரோ நிறுவனமே வெளியிட்டதை எடுங்கள்.

காகிதம், பேனா. போனில் இருக்கிறதே என்பார்கள். இரவெல்லாம் ரயிலில் பாட்டுக் கேட்டு வந்த போன் எழும்பூரில் இறங்கும்போது எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2. லைனைத் தேடும் முன் ரயிலின் வகையைப் பிரியுங்கள்

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ வாய்க்கால். ஏயிலிருந்து பிரிவது பி. அப்புறம் சி, டி. எல்லாவற்றிலும் காவிரித் தண்ணீர்தான் ஓடுகிறது. ஆனாலும் உங்கள் வயலுக்கு எந்த வகுப்பு வாய்க்கால் என்று தெரியாமல் மதகைத் தேடி அலைய முடியாது. நகரத்து ரயிலும் அப்படித்தான். வகை முதலில், பெயர் பிறகு.

சென்னையில் மூன்று வகை கலந்து கிடக்கின்றன. கடற்கரை–தாம்பரம் பக்கம் ஓடுவது மின்சார ரயில். கடற்கரையிலிருந்து வேளச்சேரி பக்கம் பாலத்தின் மேல் ஓடுவது பறக்கும் ரயில்; 1995-இல் தொடங்கியது. இவை இரண்டும் தெற்கு ரயில்வே. மெட்ரோ 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியது. அதற்குத் தனி நிறுவனம், தனி வாசல், தனிப் பிளாட்பாரம்.

புதிதாகப் போகிறவர்கள் விழும் முதல் பள்ளம், பறக்கும் ரயிலை மெட்ரோ என்று நினைத்துக்கொள்வது. இரண்டும் உயரத்தில் போகிறதே என்பது அவர்கள் கணக்கு. உயரத்தில் போவதும் சுரங்கத்தில் போவதும் வகையில்லை. ஒரே மெட்ரோ லைன் சென்ட்ரலில் மண்ணுக்கு அடியிலும் ஆலந்தூரில் தலைக்கு மேலும் ஓடுகிறது.

இரண்டாவது பள்ளம் சென்ட்ரலில். அங்கே நான்கு ஸ்டேஷன்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன: பெரிய ரயில் நிற்கும் சென்ட்ரல், மின்சார ரயிலுக்குப் 'பூங்கா', பறக்கும் ரயிலுக்குப் 'பூங்கா நகர்', மெட்ரோவுக்கு மெட்ரோ சென்ட்ரல். பூங்காவும் பூங்கா நகரும் ஒன்றென்று நினைத்து ஏறியவர், தாம்பரம் போகவேண்டியவர், மயிலாப்பூர் பார்த்துவிட்டு வந்தார்.

வகை தெரிந்தால் மெட்ரோவே வேண்டாம் என்றும் ஆகலாம். எழும்பூரிலிருந்து கிண்டிக்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு மெட்ரோவில் ஒரு மாற்றம் உண்டு. மின்சார ரயிலில் நேரே போய் இறங்கலாம். இதைப் பார்க்காமல் லைன் தேடத் தொடங்கினால் கையிலிருக்கும் நேர்வழி கண்ணுக்குத் தெரியாது.

வெளிநாட்டிலும் இதே கதை. பாரிஸில் மெட்ரோவுக்கு எண். புறநகர் வரை ஓடும் ரயிலுக்கு ஏ, பி, சி என்று எழுத்து. பெர்லினில் பெயரின் முதல் எழுத்து 'யூ' என்றால் சுரங்க ரயில், 'எஸ்' என்றால் நகர ரயில். கோலாலம்பூரில் இப்படிப் பிரிக்கவில்லை. மின்சார ரயில், இலகு ரயில், மோனோரயில் எல்லாவற்றையும் ஒரே எண் வரிசையில் போட்டிருக்கிறார்கள். அங்கே எண்ணை வைத்து வகையைச் சொல்ல முடியாது.

3. செய்தித்தாள் சொற்களைத் தனியே வையுங்கள்

'கட்டம்' வேறு, 'வழித்தடம்' வேறு. கட்டம் என்பது கட்டுகிறவர்கள் கணக்கு: எப்போது பணம் ஒதுக்கி எதை எதைக் கட்டுவது என்பது. வழித்தடம் என்பது ஏறுகிறவர்கள் கணக்கு.

சென்னையின் முதல் கட்டத்தில் 1, 2 என்று இரண்டு வழித்தடங்கள். வழித்தடம் 1 நீலம். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் பணிமனை வரை. வழித்தடம் 2 பச்சை. சென்ட்ரலிலிருந்து கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை. இரண்டாம் கட்டத்தில் 3, 4, 5 என்று மூன்று: மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர்.

பேராவூரணிப் பையன் ஒருவன், "ரெண்டாவதுல இன்னும் வேலை நடக்குதாமேண்ணே, பேப்பர்ல போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு வடபழனிக்கு ஆட்டோ பிடித்துப் போனான். வேலை நடந்தது இரண்டாம் கட்டத்தில். அவனுக்கு வேண்டியது இரண்டாம் வழித்தடம். அது வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று: எண், திறந்த வரிசையைச் சொல்லாது. மும்பையில் 1-ஆம் லைன் 2014-இல் திறந்தது. அடுத்துத் திறந்தவை 2022-இல், 2ஏ-வும் 7-ம். 3-ஆம் லைன் 2024 அக்டோபரில்தான் ஓடத் தொடங்கியது. எண் போட்டது திட்டம் தீட்டியபோது. 7 ஓடுகிறதே, அப்படியானால் 5 கட்டாயம் ஓடும் என்று கணக்குப் போடக் கூடாது.

4. பெயர் எந்த முறையில் வைத்தது என்று பாருங்கள்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். உலகம் முழுக்கப் பார்த்தாலும் பெயர் வைக்கும் முறைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். எந்த முறை என்று தெரிந்தால் பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெரியும்.

*நிறம்.* இந்தியாவில் பெரும்பாலும் இதுதான். டில்லி, பெங்களூர், சென்னை எல்லாம் நிறம். துபாயும் சிவப்பு, பச்சை என்றுதான். படிக்காதவருக்கும் புரியும் என்பது இதன் பலம். பலவீனம் மூன்று. ஒன்று, திருபுவனத்து அம்மா சொன்னது: நிறம் திசையைச் சொல்லாது. இரண்டு, லைன் கூடக் கூட நிறம் தீர்ந்துபோகும். டில்லியில் பிங்க், மெஜந்தா, வயலட் என்று மூன்று லைன். வரைபடத்தில் வெளிச்சம் குறைந்தால் என் கண்ணுக்கே மூன்றும் ஒன்று. சிவப்பு–பச்சை பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறத்தை எழுதிக் கொடுத்து என்ன பயன்?

மூன்றாவது, மொழிபெயர்ப்புத் தொல்லை. பெங்களூரின் பர்ப்பிளையும் ஊதா என்கிறோம், டில்லியின் வயலட்டையும் ஊதா என்கிறோம். கன்னடப் பலகையில் அது 'நேரளே', நாவல்பழம். அதனால் என் சீட்டில் நிறத்தை மொழிபெயர்ப்பதில்லை. அந்த ஊர்ப் பலகையில், அறிவிப்பில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்: 'பர்ப்பிள் லைன்'. காதில் விழுவதும் கையில் இருப்பதும் ஒத்துப் போக வேண்டும்.

*எண்.* பாரிஸ், சியோல், மும்பை. தீர்ந்து போகாது, மொழி வேண்டாம். ஆனால் நடுவில் ஒன்றைச் செருக வேண்டி வந்தால் இடிக்கும். பாரிஸில் 3-ஆம் லைனின் ஒரு துண்டை 1971-இல் தனியாக வெட்டி '3 பிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் தெருவில் புது வீடு முளைத்தால் 14ஏ என்று கதவு எண் போடுவது போலத்தான். 3-உம் 3 பிஸ்ஸும் வேறு வேறு லைன்.

*திசையும் இடமும்.* சிங்கப்பூரில் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு, வடகிழக்கு, வட்டம், டவுன்டவுன், தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் என்று பெயர்கள். 1984-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடிய கொல்கத்தாவிலும் முதலில் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என்றுதான் சொன்னார்கள். இப்போது நீலம், பச்சை ஆகிவிட்டது. பழைய ஆள் பழைய பெயரைத்தான் சொல்வார், இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவில் எந்தப் பக்கம் போகிறது என்ற தோற்றத்தை இந்த முறை தருகிறது. முழுக்க நம்ப வேண்டாம், லைன்கள் வளைந்து போகும்.

*ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்.* லண்டனில் பேக்கர் ஸ்ட்ரீட்டையும் வாட்டர்லூவையும் ஒட்டிப் 'பேக்கர்லூ' ஆக்கினார்கள். கும்பகோணத்தையும் மாயவரத்தையும் சேர்த்துக் 'கும்மாயவரம் லைன்' என்று வைத்தது மாதிரி. விக்டோரியா, எலிசபெத் என்று ராணிகள் பெயரும் உண்டு. இந்தப் பெயர்களுக்குள் வழி எதுவும் ஒளிந்திருக்காது. பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

*எழுத்தும் எண்ணும் கலந்தது.* நியூயார்க். இங்கேதான் பெரிய வேறுபாடு ஒன்று புரிய வேண்டும்: தண்டவாளம் வேறு, அதில் ஓடும் வண்டி வேறு. எட்டாம் அவென்யூ தண்டவாளத்தில் ஏ, சி, இ என்று மூன்று வண்டிகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் ஒரே நீல நிறம். ஏ எல்லா இடத்திலும் நிற்காத வேக வண்டி, சி எல்லா இடத்திலும் நிற்கும். 'நீல வண்டியில் ஏறு' என்று அங்கே சொன்னால் உங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடும். நமக்கு இது புதிதில்லை. மெயின் லைன் தண்டவாளத்தில் பாசஞ்சரும் ஓடுகிறது, எக்ஸ்பிரஸும் ஓடுகிறது. எக்ஸ்பிரஸில் ஏறிக்கொண்டு சுந்தரப்பெருமாள்கோவிலில் நிற்கவில்லையே என்று யாரும் சண்டை போடுவதில்லை.

மெயின் லைன் என்றதும் இன்னொன்று. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவது மெயின் லைன். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகப் போவது கார்டு லைன். தெற்கே போகும் வேக வண்டிகள் பெரும்பாலும் கார்டில்தான் போகின்றன. 'மெயின்' என்பது வைத்த காலத்துப் பெயர். இன்றைய மதிப்பைச் சொல்லவில்லை. மெட்ரோவிலும் பெயரைப் பார்த்து எது பெரிய லைன், எதில் வண்டி அடிக்கடி வரும் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரே பெயரைப் பல லைனுக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் 'ஓவர்கிரவுண்ட்' ரயில் சாட்சி. ஆறு வழிகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே ஆரஞ்சு. ஒன்றில் கோளாறு என்றால் எதில் என்று ஜனங்களுக்குத் தெரியாது. 2024 நவம்பரில்தான் லயனஸ், மில்ட்மே, வின்ட்ரஷ், வீவர், சஃப்ரஜெட், லிபர்ட்டி என்று ஆறுக்கும் தனித்தனிப் பெயரும் நிறமும் வந்தன.

5. முனையை எழுதுங்கள்

சீட்டில் ஒரே ஒரு விஷயம் எழுத இடமிருந்தால் இதைத்தான் எழுதுவேன்.

பிளாட்பாரத்தில் மேலே தொங்கும் பலகையில் முக்கியமாக எழுதியிருப்பது நீங்கள் இறங்கும் ஸ்டேஷன் இல்லை. அந்த வண்டி போய் நிற்கும் கடைசி ஸ்டேஷன். வண்டியின் நெற்றியிலும் அதுதான். அறிவிப்பிலும் அதுதான். நீங்கள் தேனாம்பேட்டை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் விமான நிலையம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் லைன் பெயருக்குப் பக்கத்திலேயே முனை. 'பச்சை' என்று மட்டும் எழுதினால் பாதிதான். 'பச்சை / சென்ட்ரல் முனை' என்பது முழுசு. கடைமடை தெரியாமல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எப்படிச் சொல்வது?

முனையைக் கண்டுபிடிப்பது இப்படி: வரைபடத்தில் ஏறும் ஸ்டேஷன் மேல் இடது கை விரல். இறங்கும் ஸ்டேஷன் மேல் வலது கை விரல். இடது விரலை வலது விரல் வரை இழுத்துக்கொண்டு போய், நிறுத்தாமல் அதே கோட்டில் கோடு முடியும் வரை இழுங்கள். முடிகிற இடத்துப் பெயர்தான் முனை. தாத்தா பாட்டிகள் கூட இதை ஒரு தடவை செய்து காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகள்தான் போனில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு எதிர்ப் பக்கம் ஏறுகிறார்கள்.

விவசாயச் சங்கத்தோடு ஜந்தர் மந்தர் போகிறவர்கள் என்னிடம் சீட்டு வாங்கிப் போவதுண்டு. புதுடில்லி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினால் யெல்லோ லைன்; ராஜீவ் சௌக் தாண்டி அடுத்த ஸ்டேஷன் படேல் சௌக். முனை, மில்லேனியம் சிட்டி சென்டர் குருகிராம். 2023 வரை அதே இடத்துக்கு ஹூடா சிட்டி சென்டர் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னமும் ஹூடா என்றே சொல்வார்கள். அதனால் அடைப்புக்குள் அதையும் எழுதிவிடுகிறேன்.

6. முனை ஒன்றுக்கு மேல் இருந்தால்

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற மாதிரி சில லைன்கள் நடுவில் பிரியும். பெயர் மட்டும் மாறாது. டில்லி புளூ லைன் யமுனா பேங்கில் பிரிந்து ஒரு கை நொய்டா பக்கமும் ஒரு கை வைஷாலிக்கும் போகிறது. நிர்வாகக் கணக்கில் அவை 3, 4 என்று இரண்டு எண்கள். பயணிக்கு இரண்டும் புளூதான். துபாய் சிவப்பு லைனும் ஜெபல் அலி பக்கம் பிரிந்து ஒன்று எக்ஸ்போ பக்கம் போகிறது.

பிரிவுக்கு முன்பே இறங்குகிறவர் எந்த வண்டியிலும் ஏறலாம். பிரிவுக்கு அப்பால் போகிறவர் மட்டும் முனை பார்த்து ஏற வேண்டும். சீட்டில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வைஷாலி வண்டி வரட்டும் என்று வந்த வண்டியை எல்லாம் விட்டுவிட்டு நிற்பார்கள்.

கட் சர்வீஸும் உண்டு. நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் பாதி வழியில் திரும்பிவிடும். அப்போது பலகையில் முனையின் பெயருக்குப் பதில் அந்தப் பாதி வழி ஸ்டேஷன் பெயர் வரும். உங்கள் ஸ்டேஷன் அதற்கு முன்னால் இருந்தால் ஏறலாம். விரலால் இழுத்த கோட்டில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

வட்ட லைனுக்கு முனையே கிடையாது. சியோல் 2-ஆம் லைன் அப்படி. உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரிக்கிறார்கள். கோயில் பிராகாரம்தான் நினைவில் கொள்ள வேண்டியது: வலம் வருகிற வண்டியா, இடம் வருகிற வண்டியா? சீட்டில் அடுத்த ஸ்டேஷன் பெயரை எழுதிவிடுங்கள்.

7. மாறும் இடம்

சென்னையில் நீலமும் பச்சையும் இரண்டு இடத்தில் சந்திக்கின்றன: சென்ட்ரல், ஆலந்தூர். இரண்டு இடம் இருப்பதால்தான் தவறு வருகிறது. எழும்பூரிலிருந்து தேனாம்பேட்டை போக வேண்டும் என்று வையுங்கள். சென்ட்ரலில் மாறினால் பச்சையில் ஒரு ஸ்டேஷன், நீலத்தில் ஐந்து, மொத்தம் ஆறு. ஆலந்தூரில் மாறினால் பச்சையில் பதினான்கு, நீலத்தில் திரும்பி ஐந்து, மொத்தம் பத்தொன்பது. இரண்டு வழியும் சரிதான், இரண்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியில் இருக்கிறவரிடம் கேட்டால் அவருக்குப் பழகிய வழியைச் சொல்வார். எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

எண்ணும்போது ஏறும் ஸ்டேஷனைச் சேர்க்கக் கூடாது. அடுத்ததுதான் ஒன்று. இந்த ஒரு எண்ணில் பிசகி நந்தனத்தில் இறங்கியவர்கள் பலர். அதற்காகவே இறங்கும் ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷன் பெயரையும் எழுதுவேன். அந்தப் பெயர் அறிவிப்பில் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போகலாம்.

மாறும் இடத்தில் வெளியே போகும் வாசலைத் தாண்டாதீர்கள். பழக்க தோஷத்தில் கூட்டத்தோடு வெளியே போய்விட்டு மறுபடி டிக்கெட் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லைன் பெயர் எழுதிய பலகையின் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போனால் உள்ளேயே மாறிவிடலாம்.

8. குறியீடு இருக்கும் ஊரில் பெயரை விடுங்கள்

சிங்கப்பூர் போகும் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பையன்களுக்கு வேலை குறைவு. அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் லைன் எழுத்தும் எண்ணும் உண்டு. லிட்டில் இந்தியா: என்இ 7, டிடி 12. ஒரே ஸ்டேஷனுக்கு இரண்டு குறியீடு என்றால் இரண்டு லைன் அங்கே சந்திக்கிறது என்று பொருள். டோபி காட்டுக்கு மூன்று: என்எஸ் 24, என்இ 6, சிசி 1.

சாங்கி விமான நிலையம் சிஜி 2. அடுத்தது எக்ஸ்போ, சிஜி 1, அதுவே டிடி 35. அங்கே மாறி டவுன்டவுன் லைனில் எண் குறையும் பக்கம், அதாவது புக்கிட் பாஞ்சாங் முனைப் பக்கம் ஏறினால் 35, 34, 33 என்று இறங்கி லிட்டில் இந்தியாவின் 12 வரும். எண் கூடினால் எதிர்ப் பக்கம் ஏறிவிட்டீர்கள். ஸ்டேஷன் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும், ஆனாலும் எண்ணைப் பார்ப்பதே வேகம்.

எண்ணைக் கழித்து ஸ்டேஷன் கணக்குப் போடுவதில் மட்டும் கவனம். பின்னால் கட்டுவதற்காகச் சில எண்களைக் காலியாக விட்டு வைப்பார்கள். டிடி 3-க்கு அடுத்து டிடி 5 என்றுதான் பல வருடம் இருந்தது. 2025 பிப்ரவரியில் ஹியூம் ஸ்டேஷன் திறந்த பிறகுதான் 4 வந்தது.

9. பெயர் மாறிய ஸ்டேஷன்கள்

மயிலாடுதுறை என்று போர்டு மாறி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கடையில் டிக்கெட் கேட்பவர்களில் பாதிப்பேர் மாயவரம் என்றுதான் கேட்கிறார்கள். சென்னையில் 2020 ஜூலை கடைசியில் மூன்று மெட்ரோ ஸ்டேஷன்களுக்குப் பெயர் மாறியது. சென்ட்ரல், புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். சென்ட்ரல் ஆனது. ஆலந்தூர், அறிஞர் அண்ணா ஆலந்தூர். கோயம்பேடு பேருந்து நிலைய ஸ்டேஷனுக்கு ஜெயலலிதா பெயர். பலகையில் நீளப் பெயர், வாயில் குட்டைப் பெயர். இரண்டையும் எழுதுங்கள்.

கோயம்பேடு பற்றி ஒரு குறிப்பு. அங்கே அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்: ஒன்று கோயம்பேடு, இன்னொன்று பேருந்து நிலையம். நம் பக்கம் வரும் அரசு பஸ்களோ இப்போது கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. பழைய நினைவில் ஊர் திரும்பக் கோயம்பேட்டுக்கு மெட்ரோவில் போய் நிற்காதீர்கள்.

துபாயில் ஸ்டேஷன் பெயரையே நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. ஒப்பந்தம் முடிந்தால் பெயர் மாறும். அங்கே போன வருடத்துச் சீட்டை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

10. சீட்டு

இப்போது எழும்பூர்–தேனாம்பேட்டைச் சீட்டு. நான் எழுதுவது இப்படி இருக்கும்:

வகை: மெட்ரோ. மின்சார ரயில் இல்லை.
ஒன்று: பச்சை / சென்ட்ரல் முனை / 1 ஸ்டேஷன் / சென்ட்ரலில் இறங்கு. போர்டில் எம்.ஜி.ஆர். சென்ட்ரல்.
மாற்றம்: வெளியே போகாதே. நீலம் என்ற அம்பு.
இரண்டு: நீலம் / விமான நிலைய முனை / 5 ஸ்டேஷன் / ஏஜி-டிஎம்எஸ் வந்ததும் எழுந்திரு / தேனாம்பேட்டையில் இறங்கு.
நந்தனம் வந்தால் ஒன்று தாண்டிவிட்டாய்.

வயதானவர்களுக்கு எழுத்துப் பெரிசாக, ஒரு வரியில் ஒரு விஷயம். 'இறங்கவும்', 'ஏறவும்' என்றெல்லாம் மரியாதை சேர்த்தால் இடம் போதாது, மன்னித்துக்கொள்வார்கள்.

திரும்பி வரும் வழிக்குத் தனியாக இன்னொரு சீட்டு. இதைத்தான் நானே வெகுநாள் செய்யாமல் விட்டேன். அதே சீட்டைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். படித்தார்கள், அதிலிருந்த முனைகளையும் அப்படியே படித்து, தேனாம்பேட்டையில் மறுபடி விமான நிலைய வண்டியில் ஏறினார்கள். திரும்பும்போது ஸ்டேஷன்கள் அதேதான், இரண்டு முனையும் வேறு:

ஒன்று: நீலம் / விம்கோ நகர் பணிமனை முனை / 5 ஸ்டேஷன் / அரசினர் தோட்டம் வந்ததும் எழுந்திரு / சென்ட்ரலில் இறங்கு.
இரண்டு: பச்சை / பரங்கிமலை முனை / 1 ஸ்டேஷன் / எழும்பூரில் இறங்கு.

திருபுவனத்து அம்மா மறுபடி வந்தபோது இரண்டு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப அன்னைக்கு நாங்க ஏறுனது இந்தப் பச்சை" என்று பரங்கிமலை மேல் விரலை வைத்தார்.